இழுப்பது எஞ்சினா, சக்கரமா?

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் இருக்கிறது சரவணம்பட்டி. ஒரு தலைமுறைக்கு முன் சோளமும் பருத்தியும் விளைந்த நிலங்களில் இன்று கணினி நிறுவனங்கள் எழுந்து நிற்கின்றன. 2011இல் ஊரே கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் வேளாண்மையை விடாத குடும்பங்கள் சில உண்டு. அப்படி ஒரு வீட்டின் தொழுவத்தில் பழைய மாசி பெர்குசன் டிராக்டர் ஒன்று நிற்கிறது. அதன் உரிமையாளரான பெரியவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க தம்பி. பட்டறைக்காரர்கிட்டச் சொல்லி எஞ்சினைப் பிரிச்சு, கொஞ்சம் பவர் ஏத்திக் குடுக்கச் சொல்லியிருக்கேன்.”

மாணவர்களே, இந்தப் ‘பவர் ஏற்றுதல்’ பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய எஞ்சினைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு இல்லாத வலுவை ஏற்றக் கூடாது.

காங்கயம் காளையின் இழுவை வலுவை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அதே காளையை வழவழப்பான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். குளம்பு வழுக்கும், வண்டி நகராது. காளையின் வலு எங்கும் போய்விடவில்லை. தரை பிடி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டிராக்டருக்கும் இதே கதைதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் 35 குதிரைத்திறன் உடையது என்று கொள்வோம். பற்சக்கரங்களில் வீணாவது போக, 28 குதிரைத்திறனாவது சக்கரத்திற்கு வந்து சேரும். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன் ஆகும். எனவே 28 குதிரைத்திறன் என்பது விநாடிக்கு 2,100 கிலோகிராம் மீட்டர். டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 1.11 மீட்டர் வீதம் ஊர்ந்தால், எஞ்சின் தரக்கூடிய இழுவை ஏறத்தாழ 1,890 கிலோ.

இப்போது சக்கரத்தின் பக்கம் வாருங்கள். வண்டியின் எடை 1,700 கிலோ என்றால், பின் சக்கரங்கள் தாங்குவது சுமார் 1,100 கிலோ. உழுத மண்ணில், தாங்கும் எடையில் பாதியளவு இழுவை கிடைத்தாலே பெரிது. அதாவது 550 கிலோ! கெட்டியான தரையில் இன்னும் கொஞ்சம் கூடும். கரிசல் மண் நனைந்துவிட்டாலோ இதுவும் கிடையாது.

எஞ்சினிடம் 1,890, சக்கரத்திடம் 550. குறைந்த கியரில் உழும்போது சக்கரம் சுழன்று நழுவினால், எஞ்சினுக்கு இன்னும் 10 குதிரைத்திறனை ஊட்டி என்ன பயன்? மண்ணில் குழி பறிக்கலாம்.

இதை நன்கு உணர்ந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். நம் ஊர் மாசி பெர்குசன் டிராக்டர்கள் சுமக்கும் பெயரில் பாதி அவருடையதுதான். கனமான டிராக்டர் செய்தால் அதுவே மண்ணை இறுக்கிவிடும். ஆகவே அவர் கலப்பையை மூன்று கைகளால் டிராக்டரோடு பிணைத்தார். கலப்பையின் எடையும் அதை மண் எதிர்க்கும் விசையும் சேர்ந்து பின் சக்கரங்களை அழுத்தும்படி செய்தார். இந்த ஏற்பாட்டுடன் 1936இல் அவருடைய டிராக்டர்கள் விற்பனைக்கு வந்தன. இன்று உலகின் பெரும்பாலான டிராக்டர்களின் பின்புறத்தில் இந்த மூன்று கைகளைக் காணலாம். அதிக இழுவையை அவர் எஞ்சினில் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 17 மடங்கு சுருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்தால் காற்று கசியும்; சூடு குறையும். மார்கழிக் காலையில் வண்டி கிளம்ப மறுப்பது இதனால்தான். மேட்டுச் சாலையில் டிரெய்லரோடு வேகமாகப் போகும்போது இந்த இழப்பு நன்றாகத் தெரியும். அங்கே சக்கரத்திற்குப் பிடி உண்டு. குறைவது எஞ்சின் வலுவே.

தேய்ந்த லைனர், பிஸ்டன், பேரிங் ஆகியவற்றை மாற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, இஞ்செக்டரின் அழுத்தத்தைச் சோதித்துக் கொடுத்தால் இழந்த வலு திரும்பிவிடும். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய கோவையின் பட்டறைகளுக்கு இது பெரிய வேலை அன்று. சிலர் லைனரின் விட்டத்தையே பெரிதாக்கச் சொல்வார்கள். மாசி பெர்குசன் 35 வகையில் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினின் விட்டம் 91.4 மில்லிமீட்டர். அதை முக்கால் மில்லிமீட்டர் கூட்டினால் கொள்ளளவு இரண்டு சதவீதம்கூடக் கூடாது. நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எனக்கு அச்சம் தருவது வேறொன்று. எரிபொருள் பம்பில், டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. அதற்கு முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்பினால் கூடுதல் டீசல் போகும். காற்று மட்டும் கூடாது. எரியாத கரி கரும்புகையாக வெளியேறும். அந்தப் புகையைப் பார்த்து “வண்டி நல்லா வேலை செய்யுது” என்பாரும் இருக்கிறார்கள்! அது உழவர் காசு கொடுத்து வாங்கிய டீசல். பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடேறி ஓட்டை விழுவதும் உண்டு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய டிராக்டர்களுக்கு இழுவைப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே டிராக்டரின் மூக்கில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். முன்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கே இது. நம் வயல்களில் சேற்றில் சிக்கிய லாரியை இழுக்க, பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டி வலுவான எஞ்சினை முடுக்கினால், வண்டி ஒன்றரை விநாடிக்குள் ஓட்டுநர் மீதே மல்லாந்து விழும். குதித்துத் தப்ப நேரம் இல்லை. இதற்காகவே ஸ்வீடன் 1959இல் புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. சங்கிலியை அச்சுக்குக் கீழே, இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும்.

பாடநூலில் உராய்வுப் பாடம் வந்தால் மேசைமேல் மரக்கட்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஒருநாள் மாணவர்களை உழவு வயலுக்கு அழைத்துச் செல்லலாம் என்பது ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.

பெரியவரின் வண்டிக்கு லைனரும் வளையங்களும் மாற்றினார்கள். திருகைத் தொடவில்லை. பின் சக்கர டியூப்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினோம்; இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோ. லேசான வேலைகளுக்கு அதை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையேல் மண் இறுகிப் போகும் என்றும் சொல்லி வைத்தேன். முதல் நாள் உழவு முடிந்ததும் பெரியவர் முகம் மலர்ந்து பட்டறைக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

“எப்படியோ பவர் ஏத்திப்போட்டீங்க, பாத்தீங்களா!”

பட்டறைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, மறுத்துப் பேசவில்லை.