பைபாஸில் போனால் தெரியாத ஊர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ரமணாசிரமம் பகுதி வேறு ஊராகிவிடும். செங்கம் சாலை டீக்கடை பெஞ்சுகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து கேட்கும். அங்கே உட்கார்ந்து மேப் பார்க்கிறவர்களின் பயணத் திட்டத்தை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நான்கே புள்ளிகள்தான்: சென்னை, மாமல்லபுரம், பாண்டிச்சேரி, திருவண்ணாமலை. இடையில் இருப்பதெல்லாம் டாக்ஸியில் தூங்கிக்கொண்டே கடக்க வேண்டிய தூரம். உள்ளூர் கல்லூரிப் பசங்களின் டூர் ப்ளானும் இதைவிட உசத்தியில்லை. ஊட்டி, கொடைக்கானல், காசு கம்மியாக இருந்தால் பாண்டி.

இதில் ஒரு வேடிக்கை. சின்ன ஊர்களைத் தேடிப் போகும் ரசனையை வளர்த்தவர்களே பிரெஞ்சுக்காரர்கள்தான். 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்று 1982-ல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அதில் சேர வேண்டுமானால் ஊரின் மக்கள்தொகை 2000-ஐத் தாண்டக்கூடாது. ஆள் குறைந்து காலியாகிக்கொண்டிருந்த கிராமங்களுக்குக் காரில் ஆள் வரவழைத்த ஐடியா அது. அந்த நாட்டிலிருந்து வருகிறவர்கூட இங்கே நான்கு புள்ளிகளோடு நின்றுவிடுகிறார் என்றால் குறை அவரிடம் இல்லை. ஐந்தாவது புள்ளியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் ரமணாசிரமத்தின் கதையே ஒரு சின்ன ஊர்ப் பயணத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயதுப் பையன் வேங்கடராமன், அண்ணனின் கட்டணத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அவன் பார்த்தது பழைய மேப். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் பாதை இருப்பதே அதில் இல்லை. திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ரயிலில் உடன் வந்த ஒருவர் சொன்ன பிறகுதான் விழுப்புரத்தில் இறங்குகிறான். அங்கே ஓட்டல்காரர், பையன் கையில் இருந்த சில்லறையைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காசே வாங்கவில்லை. மிச்ச அணாவில் மாம்பழப்பட்டு வரை ரயில். அப்புறம் நடை. அறையணிநல்லூர் கோயில், அடுத்து கீழூர் கோயில். கடுக்கனை அடகு வைத்துக் கிடைத்த 4 ரூபாயில் திருக்கோவிலூரிலிருந்து கடைசி ரயில். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

பட்ஜெட் 3 ரூபாய். ப்ளான் பாதியிலேயே புட்டுக்கொண்டது. ஆனால் அந்தப் பயணத்தில் வரும் ஒவ்வொரு ஊரும் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. ஆசிரமத்திலிருந்து திருக்கோவிலூர் 40 கிலோமீட்டருக்குள்தான். ஆசிரமத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் அறையணிநல்லூர் வரை போகிறவர்கள் எத்தனை பேர்?

சரி, மூன்று நாள், ஒரு கார் அல்லது இரண்டு பைக் என்று வைத்துக்கொண்டு ஒரு ரூட் போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் தெற்கே. திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் கோயில், பெண்ணையாற்றில் கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, அக்கரையில் அறையணிநல்லூர். பக்கத்தில் ஜம்பை. அசோகரின் கல்வெட்டில் வரும் 'சத்தியபுத்திரர்' யார் என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலம் சண்டை போட்டார்கள். 1981-ல் ஜம்பைக் குகையில் கிடைத்த ஒற்றை வரித் தமிழிக் கல்வெட்டு, அது அதியமான் மரபு என்று காட்டிக்கொடுத்தது. பாடப்புத்தகத்தில் மார்க்குக்காகப் படித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அங்கே பாறையில் இருக்கிறது.

இரண்டாம் நாள் விழுப்புரம் - செஞ்சி சாலைப் பக்கம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பியது என்று அவனே கல்லில் பெருமையடித்துக்கொண்ட இடம். தமிழ்நாட்டுக் கற்கோயில்களின் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பனமலையில் ராஜசிம்மன் கட்டிய கோயிலில் சுமார் 1300 வருடத்துக்கு முந்தைய அம்மன் ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் செஞ்சி.

மூன்றாம் நாள் காலையில் செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு. அடுத்து தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர். கடைசியாகத் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை 1781-ல் பதிவு செய்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். அங்கிருந்து பாண்டிச்சேரி பக்கம்தான்.

பாண்டிக்குப் போனதும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்களைப் பார்க்க வேண்டும். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்கிறார்கள். 1750-ல் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்தத் தூண்களோடு போட்டோ எடுக்கிறவர்களில் பலருக்கு செஞ்சி என்ற பெயரே தெரியாது. ஊர் பைபாஸில் போய்விட்டது, தூண் மட்டும் போட்டோவில் இருக்கிறது.

இந்த ரூட்டுக்குச் சில விதிகள் உண்டு. கோயில்கள் மதியம் 12-லிருந்து 4 வரை பூட்டியிருக்கும், ஆகவே அந்த நேரம் சாப்பாட்டுக்கும் சாலைக்கும். சின்னக் கோயில்களில் குருக்கள் வந்தால்தான் கதவு திறக்கும், ஊருக்குள் விசாரிக்கத் தயங்கக்கூடாது. பாறை ஏறுவது காலையில் மட்டும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். பௌர்ணமியன்று திருவண்ணாமலையிலிருந்து கிளம்பும் யோசனையும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு இடத்துக்கு மேல் எழுதினால் அது பயணம் இல்லை, டெலிவரி வேலை :-)

கூட்டம் போனால் இந்த இடங்களும் கெட்டுப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. பௌர்ணமி முடிந்த மறுநாள் கிரிவலப் பாதையில் கிடக்கும் குப்பையைப் பார்த்தவர்கள் அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் யாருமே போகாத இடமும் பத்திரமாக இல்லை. பாறை ஓவியத்தின் மேல் காதலர் பெயரைக் கீறுகிறவன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கீறுகிறான். குன்றைக் கல் குவாரிக்கு விட்டாலும் கேட்க ஆள் இருக்காது. வாரத்துக்குப் பத்துப் பேர் வந்து விசாரித்தால், அந்த ஊர்ப் பையனுக்கே 'நம்ம மலையில் ஏதோ இருக்கு' என்று தோன்றும். டீக்கடைக்கும் நான்கு டீ கூடுதலாக ஓடும். ஐயாயிரம் பேர் ஒரே நாளில் வருவதுதான் ஆபத்து, பத்துப் பேர் அடிக்கடி வருவது காவல்.

செஞ்சிக்கு இப்போது அந்தச் சோதனை வந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். இனி செஞ்சியும் ஐந்தாவது புள்ளியாகலாம். பஸ் வந்து நின்று, இரண்டு மணி நேரத்தில் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்றை யாரும் திரும்பிப் பார்க்காமல் போகவும் வாய்ப்புண்டு.

பி.காம். மாணவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுவதன் மதிப்புதான் அது. பைபாஸ் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்தின் வாய்ப்புச் செலவு என்ன என்று பரீட்சையில் கேட்டால், மகேந்திரவர்மன், கபிலர், அதியமான் என்று எழுதலாம். மார்க் கிடைக்காது. ஆனால் விடை சரி.