அவசரக்காரன்தான் அறிவாளியா?

சட்டென்று பதில் சொல்லுகிறவன் புத்திசாலி, தாமதித்துச் சொல்லுகிறவன் மண்டு என்று ஓர் எண்ணம் நம் ஜனங்களிடம் ஊறிக் கிடக்கின்றது. அந்த வேகமும் பிறவியிலேயே வருவதாம். சிலருக்கு ரத்தத்திலேயே இருக்கின்றதாம். மற்றவர்களுக்குத் தலையில் எழுதவில்லையாம். மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கங்களில் சதுரங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், விசுவநாதன் ஆனந்த் சிறு வயதில் மின்னல்போல் காய் நகர்த்தினாரே, அது தெய்வ அருளல்லாமல் வேறென்ன என்று நம்மையே மடக்கப் பார்க்கின்றார்கள்.

அந்த அருள் எங்கே கிடைத்தது? சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் 1972-ல் டால் சதுரங்கச் சங்கம் ஏற்பட்டது. ஆனந்த் சிறுவனாக அங்கே போய் நிமிஷக்கணக்கு ஆட்டம் ஆடினார். ஜெயித்தவன் நாற்காலியில் இருப்பான். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இப்படி ஆடி ஆடியே காய்களின் நிலைகள் கண்ணில் பதிந்தன. இன்று விநாடியில் நகர்த்துவது, நேற்று மணிக்கணக்கில் பாடுபட்டதற்கு வந்த வட்டி. முதல் போடாதவனுக்கு வட்டி ஏது?

நிற்க, புத்தி பிறவியில் வருவதென்றால் கடியாரத்தை மாற்றினால் அது மாறக்கூடாதல்லவா? சாப்ரிஸ், ஹியர்ஸ்ட் என்னும் இரண்டு மனநூல் ஆராய்ச்சிக்காரர்கள், கிராண்ட்மாஸ்டர்கள் நெடுநேர ஆட்டத்தில் ஆடியதையும் அவர்களே விரைவு ஆட்டத்தில் ஆடியதையும் கம்ப்யூட்டரைக் கொண்டு சோதித்துத் தவறுகளை எண்ணி 2003-ல் வெளியிட்டார்கள். நேரம் குறைந்த ஆட்டத்தில் தவறுகள் அதிகம்; தவறுகளும் பெரியவை. அதே ஆள், அதே ரத்தம், அதே தலையெழுத்து! குறைந்தது நிமிஷம் மட்டுமே.

2024-ல் சிங்கப்பூரில் 18 வயதுச் சென்னைப் பிள்ளை குகேஷ் உலகப் பட்டம் வென்றார். மின்னல் ஆட்டத்தில் அவரைவிட வல்லவர்கள் அன்று பலர் இருந்தார்கள். அவர் ஜெயித்தது, முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிஷம் கொடுக்கும் ஆட்டத்தில். அப்படியானால் நேரம் கொடுத்தால் மட்டும் போதுமா என்பீர்கள். போதாது. எதிரே இருந்த சீனத்து டிங் லிரனுக்கும் அதே 120 நிமிஷந்தான். 3-வது ஆட்டத்தில் அவர் 40-ஐ எட்டுமுன் நேரம் தீர்ந்து தோற்றார். யோசிப்பது வேறு, தயங்கி நிற்பது வேறு.

ஆனால் நேரமே கிடைக்காதவனின் கதி என்ன? காலையில் வீடு வீடாய்ப் பத்திரிகை போட்டு, மாலையில் தகப்பன் தள்ளுவண்டியில் நிற்கும் பிள்ளைக்கு உட்கார்ந்து யோசிக்க அரைமணி ஏது? அவனைத்தான் வாத்தியார் மண்டு என்கிறார். தகப்பனும் தலையெழுத்தென்று நம்பிவிடுகிறான். ஒருவனுக்கு 5 நிமிஷமும் மற்றவனுக்கு 2 மணியும் வைத்து ஆடவிட்டுத் தோற்றவனுடைய பிறவியை ஆராய்கிறவர்களைச் சதுரங்க நடுவர் எவராவது பொறுப்பாரா? முதலில் கடியாரத்தையல்லவா சரிசெய்யச் சொல்லுவார்? அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் கூட்டங்களுக்கு வருகின்றீர்கள். மாலையில் வண்டியை ஒரு மணி நேரம் நீங்களே பார்த்துக்கொண்டு, அவனை வாசகசாலைக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.