ஆறு வயதில் ரூபி தாங்கியதை ஏழு வயதில் படிக்கக் கூடாதா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், வில்லியம்சன் கவுண்டியில் 2021இல் 'மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி' என்ற பெற்றோர் அமைப்பு ஒரு புகார் கொடுத்தது. இரண்டாம் வகுப்புக்கு வைத்திருந்த ரூபி பிரிட்ஜஸின் புத்தகம் பிள்ளைகளின் மனதை வதைக்கிறது, கோபத்தோடு நின்ற வெள்ளையர் கூட்டத்தைப் பற்றி அது சொல்வது அந்த வயதுக்கு அதிகம் என்றார்கள். மாநிலக் கல்வித்துறை புகாரை ஏற்கவில்லை. ஆனாலும் அந்த வாதம் ஓயவில்லை.

அந்தக் கூட்டம் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ஸ் தொடக்கப் பள்ளி. ஆறு வயது கறுப்புச் சிறுமி ரூபியை மத்திய அரசின் காவலர்கள் நால்வர் உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே கேட்ட கூச்சலை மார்டி கிரா திருவிழா என்று நினைத்தது குழந்தை. அன்று முழுக்கத் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷம் வைத்துவிடுவேன் என்று ஒருத்தி மிரட்டியதால், வீட்டுச் சாப்பாடு தவிர வேறெதையும் அவள் தொடக் கூடாது என்றானது. இன்னொருத்தி சின்னச் சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையைக் கிடத்தி அவள் கண்முன் காட்டினாள். அப்பாவுக்கு வேலை போயிற்று.

இவ்வளவையும் ஆறு வயதுக் குழந்தை அனுபவித்திருக்கிறாள். ஏழு வயதில் இதைப் படித்தால் தாங்காது என்பவர்கள், பிள்ளைகள் என்று சொல்லும்போது வெள்ளைப் பிள்ளைகளை மட்டுமே நினைக்கிறார்கள். அதே வகுப்பில் இருக்கும் கறுப்புக் குழந்தையின் மனம் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

இதைப் படித்தால் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சி வரும் என்ற வாதம் இன்னும் மோசம். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற வெள்ளை ஆசிரியை, அந்த வருடம் முழுவதும் காலி வகுப்பறையில் ரூபி ஒருத்திக்காகவே பாடம் நடத்தினார். அவரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார். உங்கள் பிள்ளை ஹென்றி டீச்சர் பக்கம் நிற்காமல், வாசலில் கத்திய கூட்டத்தோடுதான் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அந்தக் கூட்டத்தைப் பிள்ளைக்கு உறவாக்குவது நீங்கள்தான், புத்தகம் அல்ல.

சின்னப் பிள்ளைகளுக்கு நிற வித்தியாசம் தெரியாது, நாம் சொல்லிக் கெடுக்க வேண்டாம் என்பதும் பொய். 1940களில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி மூன்று முதல் ஏழு வயதுள்ள கறுப்புக் குழந்தைகளிடம் நிறம் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. வெள்ளைதான் நல்லது என்று அந்தக் குழந்தைகளுக்கு யாரும் வகுப்பில் பாடம் நடத்திச் சொல்லித்தரவில்லை.

புகார் கொடுக்கும் பெற்றோரே, அந்தப் புத்தகத்தை உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.