சட்டத்தில் இடமில்லையாம்!

“சட்டத்தில் இடமில்லை, போ!”

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த தமிழன் காதில் விழாத நாள் உண்டா இந்த வார்த்தை? ரேஷன் கடையில் கேட்டிருக்கிறோம். லேபர் ஆபீசில் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறோம்.

கொஞ்ச காலத்துக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு சகோதரி வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார். ஊரில் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்த அட்டை கையில் இருக்கிறது. இங்குள்ள ஆபீசில் காட்டினால், “இது அந்த ஸ்டேட் அட்டை. இங்கே பார்க்கச் சட்டத்தில் இடமில்லை” என்றார்களாம். “சரி அய்யா, அந்த ஊர் ஆபீசுக்கு ஒரு லெட்டராவது போடுங்களேன்” என்று கேட்டிருக்கிறார். “அதற்கும் எங்களுக்கு அதிகாரம் கிடையாது” என்று பதில் வந்தது.

தோழர்களே! ஒரு கடிதம் எழுதச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு வேண்டுமாம்!

தண்ணீர்க் குடம்

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? ‘தண்ணீர்க் குடம்’ என்றால் தண்ணீரைக் கொண்ட குடம். ‘ஐ’ என்ற உருபும் இல்லை, ‘கொண்ட’ என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் பொருள் இருக்கிறது. அதைத்தான் இலக்கணத்தில் ‘தொக்கி நிற்பது’ என்கிறோம்.

சட்டத்திலும் இப்படித் தொக்கி நிற்கும் அதிகாரம் உண்டு. ஒரு காரியத்தைச் செய் என்று சட்டம் கட்டளையிட்டால், அதைச் செய்து முடிக்கத் தேவையான அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது என்று பொருள். கிணறு வெட்டு என்றவன் மண்வெட்டி எடு என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இது நாம் கட்டிய கதையல்ல. அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘பாங்க்’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மத்திய அரசு பாங்க் நடத்தலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1819-இல் தீர்ப்பளித்தது. முதியோர் பென்ஷன் என்ற சொல்லும் அதில் இல்லை. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பொதுநலத்துக்காக வரி போட்டுச் செலவிடும் அதிகாரத்திலேயே அது அடங்கும் என்று 1937-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலோ இவ்வளவு தூரம் சுற்றவேண்டியதே இல்லை. சமூகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலம், நஷ்டஈடு, முதுமைப் பென்ஷன், பிரசவ உதவி எல்லாம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் பச்சையாகவே எழுதியிருக்கின்றன. மத்திய சர்க்காருக்கும் அதிகாரம் உண்டு, மாநில சர்க்காருக்கும் உண்டு. இருவரிடமும் இருப்பதாலோ என்னவோ, நாம் போய்க் கேட்டால் இருவரும் கையை விரிக்கிறார்கள்!

பூட்டுவதற்கு இருந்த அதிகாரம்

அதிகாரம் இல்லை என்பது உண்மையா? 2020-ஐ நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 24 இரவு. நான்கு மணி நேர அவகாசத்தில் 130 கோடி மக்களையும் வீட்டுக்குள் பூட்டினார்கள். எந்தச் சட்டத்தின் பேரில்? 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பேரில். அந்தச் சட்டத்தில் ‘ஊரடங்கு’ என்ற சொல்லே கிடையாது. பேரிடரைச் சமாளிக்க உத்தரவு போடலாம் என்று பொதுவாக இருந்தது. அதற்குள் ஊரடங்கும் தொக்கி நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். “சட்டத்தில் இடமில்லை” என்று அன்று ஒரு ஆபீசரும் சொல்லவில்லை.

அதே சட்டத்தின் பேரில் மார்ச் 29-இல் இன்னோர் ஆணை வந்தது. முதலாளிகள் பிடித்தம் இல்லாமல் கூலி தரவேண்டும், தொழிலாளியிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்றது அந்த ஆணை. நல்ல ஆணை, நாமும் வரவேற்றோம். என்ன ஆயிற்று? முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். ஏழே வாரத்தில், மே 17-இல், சர்க்கார் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆணை செல்லும் என்று கோர்ட்டில் வாதம் மட்டும் பின்னால் நடந்தது. பழைய பாக்கியை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12-இல் உச்சநீதிமன்றம் வழி சொன்னது. தண்டவாளத்தில் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தவன் எந்த முதலாளியோடு உட்கார்ந்து பேசுவான்?

பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்குமிடம், சோறு, குடிநீர், வைத்தியம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதாத ஊரடங்கு ஒரே இரவில் வந்தது. எழுதிவைத்த சோறு நடந்தவன் வாய்க்கு வந்து சேரவில்லை. குறை எங்கே இருக்கிறது, அதிகாரத்திலா, மனதிலா?

ஆசிய விளையாட்டு தந்த பாடம்

1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுக்காக ஸ்டேடியங்கள் எழும்பின. கட்டியவர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து வந்த கூலிகள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் தரகாகப் பிடித்துக்கொண்டான். (நம் பாட்டன் காலத்துக் கங்காணிதான், பெயர் மட்டும் வேறு.) பெண்களுக்குக் கிடைத்தது 7 ரூபாய்.

“அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சர்க்கார் தரப்பு சொல்லிப் பார்த்தது. நீதிபதி பகவதி அடங்கிய அமர்வு அதை ஒப்பவில்லை. வேலை சர்க்காருடையது, சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பும் சர்க்காருடையது என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது 23-வது ஷரத்து தடுக்கும் கட்டாய வேலையே என்றது. அந்த ஷரத்தில் ‘கூலி’ என்ற சொல் இல்லை. பசி என்ற சவுக்கும் சவுக்குதான் என்று நீதிமன்றம் கண்டுகொண்டது. 1938-ஆம் ஆண்டின் சிறுவர் வேலைச் சட்டப் பட்டியலில் கட்டட வேலை இல்லையே என்ற சமாதானமும் எடுபடவில்லை. ஆபத்தான வேலையில் சிறுவர்களை வைக்காதே என்று அரசியல் சட்டமே சொல்லும்போது பட்டியல் எதற்கு என்றது தீர்ப்பு.

இருபுறமும் கூர் உள்ள கத்தி

ஒன்றை மறக்கவேண்டாம். தொக்கி நிற்கும் அதிகாரம் நமக்கு மட்டும் உதவும் கத்தியல்ல. குடிசையை இடிக்க வருபவனும், கூட்டம் போடத் தடை விதிப்பவனும் அதையே தூக்கிக்கொண்டு வருவான். ஆகவே இரண்டு கேள்வி கேட்கப் பழகவேண்டும். இந்த அதிகாரம் சட்டத்தின் நோக்கத்துக்கு உண்மையிலேயே தேவைதானா? வெளிப்படையாக எழுதிய எந்த உரிமையையாவது இது மிதிக்கிறதா? நலச் சட்டத்தின் நோக்கம் தொழிலாளியின் நலம். அதை நிறைவேற்றும் அளவுக்கு அதிகாரம் நீளும். அதை நசுக்க நீளாது.

இப்போது என்ன?

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் வந்த சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் நடக்கிறது. ஐந்து வெளிமாநிலத்தார் இருந்தாலே பொருந்திய சட்டம், இனிப் பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். ஊர் பெயர்ந்து வந்ததற்குத் தந்த படி போயிற்று. இதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. ரேஷனைச் சொந்த மாநிலத்திலோ வேலை செய்யும் மாநிலத்திலோ வாங்கிக்கொள்ளவும், கட்டட நல நிதியின் பயனை வேலை செய்யும் இடத்திலேயே பெறவும் சர்க்கார் திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது. “திட்டம் இன்னும் வரவில்லை” என்று நாளை சொல்வார்கள். திட்டம் போடக் கடமைப்பட்டவன், அது வரும்வரை ஊர் ஆபீசுக்கு ஒரு கடிதமாவது போட அதிகாரம் இல்லாதவனா?

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! ஊர் ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையா, அந்தியோதயா அட்டையா என்று பார்த்து வையுங்கள். அவை இரண்டுக்கும்தான் மத்திய ஒதுக்கீட்டு அரிசி எந்த மாநிலத்திலும் கிடைக்கவேண்டும். ஆபீசுக்குத் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். “இடமில்லை” என்று சொன்னால், “எந்தப் பிரிவு தடுக்கிறது, எழுதிக் கொடுங்கள் அய்யா” என்று கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும்.

அந்தச் சகோதரியோடு நம் சங்கத்தார் இருவர் மறுநாள் போனார்கள். அதே ஆபீஸ், அதே நாற்காலி. “எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். எழுத மனம் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து விழுப்புரத்துக்குக் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

நேற்று இல்லாத அதிகாரம் இன்று எங்கிருந்து வந்தது? அது அங்கேயேதான் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது.