ரேடாரில் சிக்காத விமானமும் கணக்கில் சேராத சனமும்

2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஃப்-35 தரத் தயார் என்றார் டிரம்ப். அதே வாரம் பெங்களூர் விமானக் கண்காட்சியில் எஃப்-35உம் ரஷ்யாவின் சு-57உம் வந்து நின்றன. ஆகஸ்டில், எஃப்-35 பற்றி முறையான பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் ஸ்டெல்த் விமான ஆசை அடங்கியபாடில்லை. எதை வாங்கலாம்னு பேசுறாங்களே தவிர, யார் வயித்துல அடிச்சு வாங்குறோம்னு ஒருத்தரும் கேட்கல. சாத்தூர்ச் சேரியிலிருந்து அதை நாம் கேட்போம்.

'சீனாக்காரன்ட்ட ஜே-20 இருக்கு. நம்ம மிக்-21 எல்லாம் 2025 செப்டம்பரோட ஓய்வுக்குப் போயிருச்சு. 42 படையணி இருக்க வேண்டிய இடத்துல 29தான் மிச்சம். வேண்டாம்னு சொல்றவன் தேசத்துரோகி.' இதுதான் எதிர்வாதம். கணக்கு உண்மைதான், மறுக்கவில்லை. ராணுவம் நமக்கு அந்நியமும் அல்ல. அம்பேத்கரின் தந்தை சுபேதார். அந்த அம்பேத்கர்தான் 1951 அக்டோபரில் வெளியிட்ட பதவி விலகல் அறிக்கையில், ஆண்டு வருமானம் 350 கோடியில் சுமார் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, நம் வெளியுறவுக் கொள்கைதான் இதற்குக் காரணம் என்று போட்டு உடைத்தார். தேசபக்திப் பாடம் நமக்கு யாரும் எடுக்க வேண்டாம்.

இப்ப நம்ம கணக்கைப் பார்ப்போம். 2016இல் 36 ரபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆயுதம், பராமரிப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 59,000 கோடி. விமானம் ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். இத்தனைக்கும் ரபேல் முழு ஸ்டெல்த் கிடையாது.

2020 டிசம்பரில் தலித் மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது 59,048 கோடி. மாநிலங்களின் 40 சதவீதப் பங்கும் அதில் அடக்கம். 5 வருஷத்துக்கு, 4 கோடிப் பிள்ளைகளுக்கு. அதாவது 36 விமானமும் 4 கோடிப் பிள்ளைகளின் படிப்பும் ஒரே விலை! அதற்கு முந்தைய மூன்று வருஷமும் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தது வருஷத்துக்குச் சுமார் 1,100 கோடிதான். நாடு முழுவதும் உள்ள தலித் மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ரபேல் விலைகூட இல்லை. உதவித்தொகை வராமல், ஃபீஸ் கட்ட முடியாமல், ஹால் டிக்கெட்டுக்காக ஆபீஸ் வாசலில் நின்ற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, காசு கொடுத்தால் விமானமாவது வருமா? ரஷ்யாவோடு சேர்ந்து ஸ்டெல்த் விமானம் செய்வதற்கு 2010இல் முதற்கட்ட வடிவமைப்புக்கென்றே 29.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2018இல் வெளியே வந்தார்கள். ஒரு விமானமும் வரவில்லை. 2025 ஜூனில் பிரிட்டிஷ் எஃப்-35 ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கிப் பழுதாகி ஐந்து வாரம் கிடந்தது. பிரிட்டனிலிருந்து ஆள் வந்துதான் சரிபண்ண வேண்டியிருந்தது. வாங்குறது ஒரு நாள் செலவு இல்ல. ஆயுசு பூரா உதிரிபாகத்துக்கும் மென்பொருளுக்கும் அடுத்தவன் கையை எதிர்பார்க்கணும்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசு அறிவித்தது 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம். ஆக 5 லட்சம். ஒரு ரபேல் காசில் இப்படி 32,000 பிணத்துக்கு விலை கொடுக்கலாம்! உயிரோடு இருக்கும்போது அவர்களைக் காப்பாற்ற ரேடார் தேவையில்லை. உள்குத்தகையைப் பிடிக்க, அறைக்கு எத்தனை பேர் என்று எண்ண, மருந்துக் கலவையைச் சோதிக்கப் போதுமான ஆய்வாளர்கள் இருந்தால் போதும். எல்லையில் செத்தால் தியாகி, மருந்து அறையில் செத்தால் 'விபத்து'. ரேடாரில் தெரியாமலிருக்க அந்த விமானத்துக்கு ஆயிரம் கோடி வேணும். நம்ம சனம் பைசா செலவில்லாமலே அரசாங்கத்துக் கண்ணுக்குத் தெரியாமத்தான் இருக்கு.

அதனால் நம் நிலைப்பாடு இதுதான்: வெளிநாட்டு ஸ்டெல்த் விமானம் வாங்காதே. உதவித்தொகையை ஒரு பைசா பாக்கியில்லாமல், படிப்பு தொடங்கும்போதே கொடு. மருந்து அறைக்கு ஆய்வாளரை அனுப்பு. நாட்டைக் காப்பது என்றால் நாட்டில் இருக்கிறவனைக் காப்பதுதான். நாளைக்குக் கல்லூரி விடுதியில் எவனாவது 'பாகிஸ்தான்கிட்ட மாட்டிக்கிட்டா என்ன செய்வே'ன்னு கேட்டால், தோழர்களே, திருப்பிக் கேளுங்க: எங்க வீட்டுப் பொம்பளைங்க தினம் காலையில ஏறிப் போற ஆலை வண்டி சாயங்காலம் திரும்பி வருமான்னு எங்களுக்குத் தெரியல. அந்தப் போரை எப்ப நிறுத்தப் போறீங்க?