ஏசி வருவதற்கு முன் அரபு வீடுகள் குளிர்ந்தது எப்படி?

வெளியே 40 டிகிரியைத் தாண்டிய வெயில். கரன்ட் கிடையாது, ஃபேன் கிடையாது. ஆனாலும் வீட்டின் ஒரு அறையில் மட்டும் மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே விரிப்பைப் போட்டு வீட்டில் இருப்பவர்கள் படுத்துக்கொள்வார்கள். நூறு வருடங்களுக்கு முந்தைய துபாயின் வசதியான வீடுகளில் கோடை மதியம் இப்படித்தான் கழிந்தது.

துபாயில் இருக்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் இடங்களில் ஒன்று, பர் துபாயில் உள்ள அல் ஃபாஹிதி பகுதி. அங்கே வீடுகளின் மொட்டை மாடியில் சதுரமான கோபுரங்கள் நிற்கும். செல்ஃபிக்கு அழகான பின்னணி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அந்தக் காலத்து ஏசியே அதுதான்!

காற்றைப் பிடிக்கும் கோபுரம்

இதன் பெயர் பர்ஜீல். நான்கு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர்கள் இருக்கும். எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஒரு பக்கம் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். எதிர்ப்பக்கம் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். மோட்டாரும் இல்லை, பில்லும் இல்லை.

அடுத்தது நடு முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்தில் இறங்கித் தங்கும். காலையில் வெயில் நேராக விழும் வரை, சுற்றியுள்ள அறைகளுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்கும். தடித்த சுவர்கள் பகல் சூட்டைச் சட்டென உள்ளே விடாது. நம்மூர் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கெய்ரோவில் புகழ்பெற்ற மஷ்ரபியா. மரத்தைக் கடைந்து செய்த ஜாலி ஜன்னல் இது. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. கூச்சும் தடுக்கப்படும், காற்றும் வரும். ஜாலிக்குப் பக்கத்தில் மண் பானைகளில் தண்ணீர் வைப்பார்கள். பானையில் கசியும் ஈரத்தைத் தொட்டு வரும் காற்று குளிர்ந்திருக்கும். குடிக்கத் தண்ணீரும் ஜில்லென்று கிடைக்கும்.

மண்ணால் கட்டிய மேதை

கான்கிரீட்டும் ஏசியும் வந்த பிறகு இதெல்லாம் ‘பழசு’ ஆனது. அல் ஃபாஹிதியிலேயே ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஆனால், அதற்கு வெகு காலம் முன்பே பழையதின் பக்கம் திரும்பிப் பார்த்தவர், எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900-1989).

இரண்டாம் உலகப்போர் காலத்தில் இரும்பும் மரமும் கிடைப்பது கஷ்டம். அஸ்வான் பக்கம் போன ஃபாத்தி, அங்கிருந்த நூபியக் கொத்தனார்கள் சுடாத மண் கல்லை வைத்து, சென்ட்ரிங் பலகையே இல்லாமல் வளைவுக் கூரை போடுவதைப் பார்த்தார். கல்லைச் சாய்த்துச் சாய்த்து, பின்சுவரில் ஒட்டவைத்தபடி முன்னேறும் வித்தை அது. அந்தக் கொத்தனார்களையே வரவழைத்து, லக்சர் அருகே 1946-ல் ‘புதிய குர்னா’ என்ற கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். வீடுகள், மசூதி, சந்தை, தியேட்டர் என எல்லாம் மண்ணில்!

கதை சுபமாக முடியவில்லை. பழைய குர்னா மக்கள் பண்டைய கல்லறைகளின் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். அந்தக் கல்லறைகளும் அவற்றைப் பார்க்க வருகிறவர்களும்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. இடம் மாற வேண்டும் என்று முடிவெடுத்தது அரசு. பலர் வர மறுத்தார்கள், வேலை பாதியில் நின்றது. குடிவந்த குடும்பங்களும் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இடம் போதாதபோது, மண் வீட்டை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பின. நிலத்தடி ஈரமும் உப்பும் மிச்சமிருந்த சுவர்களை அரித்தன.

வீடு குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் போதாது. அதில் வாழப்போகும் குடும்பத்தின் பிழைப்புக்கும் வளர்ச்சிக்கும் அது இடம் கொடுக்க வேண்டும். புதிய குர்னா சொல்லும் பாடம் இதுதான்.

இன்றைக்கு எது சரிப்படும்?

அபுதாபியின் மஸ்தார் சிட்டியில் 45 மீட்டர் உயரத்தில் நவீனக் காற்றுக் கோபுரம் நிற்கிறது. அங்குள்ள குடியிருப்புகளில் மஷ்ரபியாவை மரத்துக்குப் பதிலாக, மண் நிறக் கான்கிரீட்டில் செய்திருக்கிறார்கள். நெருக்கமான தெருக்களில் ஒரு கட்டடத்தின் நிழல் இன்னொன்றின் மேல் விழுகிறது. பழைய அரபு நகரங்களின் அதே யோசனை.

அதற்காக ஏசியைக் கழற்றி எறிய முடியாது. வளைகுடாக் கடற்கரையில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தைக் காற்றுக் கோபுரம் போக்காது. ஆனால், ஏசி ஓட வேண்டிய நேரத்தைக் குறைக்க இந்த அமைப்புகளால் முடியும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் சூட்சுமம். உள்ளே தொங்கும் திரையில் பட்ட சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட சூடு. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஜாலி அதை உள்ளே விடுவதே இல்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல், கண்ணாடிச் சுவர் வைத்து வீடு கட்டிவிட்டு, ஹாலுக்குள் அழகுக்காக ஒரு மஷ்ரபியா தட்டி மாட்டுவதும் நடக்கிறது. பார்க்க அரபு வீடு போல இருக்கும், கரன்ட் பில் அப்படியேதான் வரும்.

வீட்டு பிளானைக் கையில் எடுக்கும்போது, டிசைனைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். மாலை வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது? காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் வெளியேறும்? பத்து வருடம் கழித்து இந்த வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

முதல் இரண்டுக்கும் பர்ஜீலும் மஷ்ரபியாவும் வழி சொல்லும். மூன்றாவதுக்கு, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதுதான் வழி.