நிலையாமை உணர்த்தும் கடமை

மாணவர்களே! பதினாறு வயதில் இறப்பைப் பற்றி எண்ணுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இறப்பு உறுதி என உணர்ந்தவரே இருக்கும் நாளின் அருமையை அறிவர் என்பது என் கருத்து. நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நிலையாமையைக் காரணம் காட்டிச் சோம்பியிருத்தல் தகாது என்பதை இதனால் உணரலாம்.

கணித மேதை இராமானுஜன் 1919ஆம் ஆண்டு நோயுற்ற உடலுடன் இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பினார். உடல் மேலும் நலிந்தது. ஆயினும், 1920 சனவரியில், தாம் புதிதாகக் கண்டறிந்த சார்புகளைப் பற்றிப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் அகவையில் மறைந்தார். அவர் இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டறியப்பட்டன. நோயை அவரால் வெல்ல இயலவில்லை. எனினும், அவர்தம் பணி இன்றும் அறிஞர்களுக்குப் பயன்படுகிறது.

நாம் அனைவரும் இராமானுஜன் ஆக இயலாதுதான். ஆனால், கேட்க வேண்டிய மன்னிப்பையும் செய்ய வேண்டிய உதவியையும் நாளைக்கென ஒத்திவைக்காதிருக்க ஒவ்வொருவராலும் இயலும். இன்றைய கடமையை இன்றே முடிப்பவர், இறப்பை அஞ்சாது ஏற்கும் மனத்திட்பம் பெறுவர்.